எனக்கு ரத்தம் கூடுதல்

எங்கள் பக்கத்தில் யாரைப் பிடித்துக் கேட்டாலும் ரத்தம் குறைவு என்றுதான் சொல்வார்கள். தர்மாஸ்பத்திரிக்குப் போகிற பெண்களுக்கெல்லாம் கண் இமையை இழுத்துப் பார்த்து, வெளுத்திருக்கிறது என்று சத்து மாத்திரையை அள்ளிக் கொடுத்து அனுப்புவார்கள். எனக்கு அந்தக் கதையே கிடையாது. எனக்கு ரத்தம் கூடுதல். சாதாரணக் கூடுதல் இல்லை. திருநெல்வேலியில் பெரிய படிப்புப் படித்த டாக்டரம்மா என் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, இவ்வளவு ரத்தத்தை வச்சுக்கிட்டு எப்படி நடமாடுதீங்க?" என்று கேட்டார். கோவில்பட்டி வட்டாரத்தில் வேறு எவனிடமாவது ஒரு டாக்டர் இப்படிக் கேட்டிருப்பாரா?

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். விளாத்திகுளத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டில் அடுத்தவன் ஆட்டுக்குப் பின்னால் கம்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். பருத்தி எடுத்து முடித்த காட்டில் கிடை போட்டு, ஆட்டோடு ஆடாகப் படுத்துக் கிடந்தேன். அங்கிருந்து எட்டயபுரம் சந்தைக்கு வந்து, அடுத்தவன் ஆட்டை விற்றுக் கொடுத்து, பிறகு என் ஆட்டை விற்று, இன்று கோவில்பட்டிக்கு வெளியே சொந்தப் பட்டியும் சொந்த மினி லாரியும் வைத்திருக்கிறேன். யாரும் தூக்கிவிடவில்லை. தூக்கிவிட்டதாக எவனாவது சொன்னால் பொய்.

என்னை மேலே கொண்டுவந்தது என் வலது கை விரல்கள். சந்தையில் விலையை வாயால் பேச மாட்டோம். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். உள்ளே எந்த விரலைப் பிடிக்கிறான், எத்தனை விரலைச் சேர்த்து அழுத்துகிறான், பாதி விரலை மடக்குகிறானா என்பதுதான் விலை. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். எதிராளியின் விரல் நடுங்குகிறதா, வேர்க்கிறதா, இன்னும் ஏறி வருவானா என்பதை என் விரல் கேட்டுச் சொல்லிவிடும். அந்த வித்தையில் என்னை அடிக்க அந்தச் சந்தையில் ஆள் இல்லை. இதை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிபட்டவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அந்த விரல்களில்தான் நோய் முதலில் கை வைத்தது. வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிப்பு. சுணைப் புல்லில் புரண்டவன் போலச் சொறிவேன். விரல் நுனிகள் மிளகாய் வற்றல் கிள்ளியவை போல எரியும், சிவக்கும். ஈர மண்ணில் கையைப் புதைத்தால் சற்று அடங்கும். முகமும் செக்கச் சிவந்து போயிற்று. பார்க்கிறவர்களெல்லாம், "அண்ணாச்சிக்கு என்ன, ஆட்டுக்கறி தின்ன உடம்பு, ரத்தம் துள்ளுது" என்றார்கள். நானும் ஆமாம் என்று மீசையைத் தடவிக்கொண்டேன். என் வயதில் எத்தனை பேருக்கு முகம் சிவக்கிறது?

ஒரு சனிக்கிழமைச் சந்தையில் கிடாய் வாங்க நின்றேன். எதிரே நின்றவர் எட்டயபுரத்துக்காரர். என் வயதுதான், என் தொழில்தான், வாய் மட்டும் என்னைவிட நீளம். இரண்டு பேரும் முப்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டே வியாபாரம் செய்கிறவர்கள். துண்டைப் போட்டுக் கையை உள்ளே விட்டேன். அவர் விரலைப் பிடித்தார். எந்த விரலைப் பிடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கை மரக்கட்டையாக இருந்தது. சமாளிக்கலாம் என்று நானும் எதையோ பிடித்து அழுத்தினேன். அந்தக் கிடாயைப் பெற்ற தாயையும் சேர்த்துக் கொடுத்தாலும் அந்த விலை தகாது. அவருக்கே கண் பிதுங்கிவிட்டது.

"என்னவே, கிறுக்குப் பிடிச்சிட்டா? விளையாடுதீரா?" என்றார்.

திட்ட வாயைத் திறந்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. நான் சொன்ன சொல் எனக்கே விளங்கவில்லை. மகன் ஓடி வந்து என்னை லாரியில் ஏற்றினான். பின்னால் ஏற்றிய ஆடுகளை இறக்கக்கூட நேரமில்லை. ஆடுகள் கத்திக்கொண்டு வர, கோவில்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்கினேன். அங்கே சேர்வதற்குள் வாயும் கையும் தானாகத் திரும்பிவிட்டன. சரியாகிவிட்டதே, வீட்டுக்குப் போகலாம் என்றேன். விடவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கேதான் ரத்த நோய்க்கென்றே படித்த அந்த டாக்டரம்மா. என் மகளைவிடச் சின்ன வயது. பரிசோதனையெல்லாம் முடிந்த பிறகு உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை அளவு தெரியாமல் ரத்தத்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறதாம். ரத்தம் கெட்டியாகி, ஓடுகிற இடத்தில் உறைந்துவிடுமாம். அன்று மூளைக்குப் போகிற வழியில் ஒரு துளி உறைந்து, நல்ல காலம், கரைந்துவிட்டதாம். அடுத்த முறை கரையும் என்று சொல்ல முடியாதாம்.

"இதைக் குணமாக்க முடியாது ஐயா. ஆனா கட்டுக்குள்ள வச்சுக்கலாம். ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துருவோம். உறையாம இருக்கத் தினமும் ஒரு சின்ன மாத்திரை. உற்பத்தியைக் குறைக்க ஒரு கேப்சூல். ஒண்ணு மட்டும் நல்லா மனசுல வச்சுக்கிடுங்க. அந்தச் சின்ன மாத்திரை சாப்பிட்டா, காயம் பட்டா ரத்தம் லேசுல நிக்காது. அதுக்குப் பயந்து நிறுத்தினா உள்ள உறைஞ்சிரும். ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல நடக்கணும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் கரிசல் மண் அப்படித்தான். மழை பெய்தால் காலை விடாமல் ஒட்டும். வண்டிச் சக்கரம் நகராது. வெயில் அடித்தால் ஆட்டுக்குட்டியின் கால் போகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண்ணில் பிழைத்தவனுக்கு இந்த ரத்தம் எம்மாத்திரம்?

டாக்டரம்மா என்னைப் படுக்க வைத்து இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். "மண்ணீரல் வீங்கியிருக்கு."

"சுவரொட்டிதானம்மா? எனக்குத் தெரியாதா? எத்தனை ஆடு பாத்திருக்கேன்" என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் சிரித்துவிட்டது. ஆட்டின் மண்ணீரலைத்தான் எங்கள் ஊரில் சுவரொட்டி என்போம். ரத்தம் ஊற அதற்கு மேல் ஒரு கறி இல்லை என்று பிள்ளை பெற்றவர்களுக்குப் பொரித்துக் கொடுப்பார்கள்.

என் கேள்வி ஒன்றுதான். "சந்தைக்குப் போலாமாம்மா?"

"இப்போ கூடாது. ரத்தம் எவ்வளவு கெட்டின்னு பாக்க ஒரு அளவு இருக்கு. நாப்பத்தஞ்சுக்குக் கீழ வந்து, அங்கயே நிக்கட்டும். பிறகு பாப்போம்."

உயிரைப் பற்றி என் வீட்டுக்காரி கவலைப்பட்டாள். அது அவள் பங்கு. என் கவலை, இந்தக் கை மறுபடி துண்டுக்குள் போகுமா போகாதா என்பது. அந்த எட்டயபுரத்துக்காரர் வேறு சந்தை முழுக்க, "அவருக்கு விரல் செத்துப்போச்சுவே, இனி வீட்டுல உக்காந்து பேரப்பிள்ளைக்குக் கிலுக்கு ஆட்ட வேண்டியதுதான்" என்று சொல்லிக்கொண்டு திரிவதாகச் சேதி வந்தது.

முதல் முறை ரத்தம் எடுத்தபோது பையில் இறங்கிய நிறத்தைப் பார்த்தேன். கருஞ்சிவப்பு. சொட்டுச் சொட்டாக, நல்ல வெல்லப்பாகு மாதிரி இறங்கியது. பார்க்கவே பெருமையாக இருந்தது.

"தாயி, இதை வீணாக்காம யாராவது ஏழை பாழைக்கு ஏத்துங்க" என்றேன் நர்ஸிடம்.

"ஏத்தக்கூடாது தாத்தா. நோய் உள்ள ரத்தம். முறைப்படி அழிச்சிருவோம்."

அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. வெயிலில் காய்ந்து, கூழும் வெங்காயமும் தின்று வளர்த்த ரத்தம். அதை அழிப்பார்களாமே.

என்னைவிட என் வீட்டுக்காரிக்குத்தான் அது தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு பை ரத்தத்தை உறிஞ்சி எடுத்துட்டாவளே, மனுசன் நிப்பானா?" என்று மூக்கைச் சிந்தினாள். மறுநாளிலிருந்து கவனிப்பு தொடங்கியது. என்னிடம் ஆடு வாங்குகிற கறிக்கடைக்காரரிடம் சொல்லி வைத்துத் தினம் சுவரொட்டி வரவழைத்தாள். மிளகு போட்டுப் பொரியல். முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, பேரீச்சம்பழம். ராஜா மாதிரி தின்றேன். அவள் கைப்பக்குவம் அப்படி. வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

திருநெல்வேலியில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். இங்கே மறுபடி சுவரொட்டி பொரியும். அங்கே எடுப்பார்கள், இங்கே பொரியும். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து நெற்றியைத் தேய்ப்பார். "எடுக்க எடுக்க ஏறுதே ஐயா. வீட்டுல வேற ஏதாவது மருந்து சாப்பிடுதீங்களா?"

"இல்லம்மா. சாதாரணச் சாப்பாடுதான்." எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். டாக்டரே திணறுகிற ரத்தம்!

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம். மதியமாகிவிட்டது. வீட்டுக்காரி பெஞ்சிலேயே தூக்குச்சட்டியைத் திறந்து, இலையை விரித்து எனக்குப் போட்டாள். சாப்பிடப் போய்க்கொண்டிருந்த டாக்டரம்மா எங்களைக் கடந்து போய், வாசனை பிடித்துத் திரும்பி வந்தார்.

"என்ன பாட்டி, கமகமன்னு மணக்கு?"

"சுவரொட்டிம்மா. நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க. நாள் பூரா நிக்கீங்க, ரத்தம் ஊறும்."

"யாருக்கு இது? ஐயாவுக்கா?"

"பின்ன? நீங்க அவ்வளவு ரத்தத்தை எடுத்துட்டு விட்டுருதீங்க. குறைஞ்சதை ஊத்தணும்லா? தினம் சுவரொட்டி குடுக்கேன். அது போக, மருமக பேறுகாலத்துக்குக் குடுத்த சத்து மாத்திரை வீட்டுல கிடந்துச்சு. கருஞ்சிவப்பா இருக்குமே, அதுதான். அதைப் பொடிச்சு எள்ளுருண்டையில போட்டுருவேன். இவிய மாத்திரைன்னா முழுங்க மாட்டாவன்னு சொல்லாம போட்டேன்."

டாக்டரம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார்; கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது. வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாட்டி, சுவரொட்டி கூட ஒரு பக்கம் போகட்டும். அந்த மாத்திரை முழுக்க இரும்புச் சத்து. இவங்க உடம்புல கெட்டி ரத்தம் உண்டாக்க அதுதான் சரக்கு. நான் முன்வாசல் வழியா எடுக்கேன், நீங்க பின்வாசல் வழியா கொட்டுதீங்க. இன்னொரு தடவை வாய் கோணுச்சுன்னா, அது திரும்பாம போயிரலாம்."

வீட்டுக்காரி இலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் வாயருகே வந்த கறித்துண்டைப் பிடுங்கித் தூக்குச்சட்டியில் போட்டு மூடினாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. இந்த ஊரில் எந்தப் பெண்பிள்ளையாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். ரத்தம் கூடுதலாக இருப்பது ஒரு நோய் என்று எங்கள் ஆட்களில் யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? ஆனால் அந்தச் சுவரொட்டி அன்று நன்றாகப் பொரிந்திருந்தது. அதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரி வேறு ஆளாகிவிட்டாள். கறிக்கடைக்காரரை வாசலோடு திருப்பி அனுப்பினாள். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் கேட்டு வந்து என்மீது போலீஸ் வேலை பார்த்தாள். சாப்பாடு முடிந்ததும் சின்ன மாத்திரை. வெயிலில் போனால் தண்ணீர்ப் பாட்டில். மூட்டு வலிக்கு நானாகக் கடையில் மாத்திரை வாங்கித் தின்னக் கூடாது. அது வயிற்றுக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கிவிடும். பல் பிடுங்கப் போனாலும் முதலில் திருநெல்வேலியில் கேட்க வேண்டும். முகம் வழிக்கிற பிளேடைக்கூட ஒளித்து வைத்துவிட்டு, சலூனுக்குப் போகச் சொன்னாள். சலூன்காரரிடமும் போய், "கீறிராதீங்க, இவியளுக்கு நிக்காது" என்று எச்சரித்துவிட்டு வந்தாள். அவர் பயந்து பாதி மீசையோடு விட்டுவிட்டார்.

நானும் சொன்னபடி கேட்டேன். எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை. அளவு இறங்கியது. நாற்பத்தைந்துக்குக் கீழே வந்தது. வந்து நின்றது. விரல் எரிச்சல் அடங்கியது. பட்டியில் ஆட்டுக் காதைத் தடவினால் உண்ணி இருக்கிற இடம் விரலுக்குத் தெரிந்தது. டாக்டரம்மா ரிப்போர்ட்டை நீட்டி, "இந்த நோயை இவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கிற ஆளுங்க எனக்குக் கொஞ்சம் பேருதான்" என்றார். அந்தக் கொஞ்சம் பேரில் நான்தான் முதலாவது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, தெரியாதா?

"சந்தைக்குப் போங்க. ஆனா கொம்பு பக்கம் பாத்து நில்லுங்க."

சனிக்கிழமை நான் வேட்டியை மடித்துக் கட்டி லாரியில் ஏறும்போது வீட்டுக்காரியும் ஏறி நடுவில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நீ எங்க வாற? அங்கன பொம்பளைகளுக்கு என்ன சோலி?"

"ரத்தம் உங்களுக்கு. பாக்கிறது நான்லா? வண்டியை எடுலே" என்றாள் மகனிடம்.

சந்தையில் என்னைப் பார்த்ததும் எட்டயபுரத்துக்காரர் கையைத் தட்டினார். "வாரும்வே! செத்த விரலோட வந்துட்டீரா? துணைக்குப் பொண்டாட்டியையும் கூட்டியாந்துட்டீரே. விலையை அவிய பிடிப்பாவளோ?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அவ பிடிச்சா நீரு கோவணத்தோடதான் வீட்டுக்குப் போவீரு" என்றேன்.

அவர் கொண்டுவந்திருந்தது ஒரு நல்ல கிடாய்க் கூட்டம். எலும்பு, நடை, கண் எல்லாம் பார்த்தேன். பல்லைப் பார்க்க ஒன்றின் வாயைப் பிடித்தேன். பக்கத்தில் கட்டியிருந்த முரட்டுக் கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. கொம்பு என் இடது முழங்கைக்குக் கீழே கிழித்துவிட்டது. பெரிய கிழிசல் இல்லை. மற்றவனாக இருந்தால் துடைத்துப் போட்டுவிட்டு நிற்பான். எனக்கு ரத்தம் கை வழியாக விரலுக்கு வந்து சொட்டியது, நிற்கவில்லை.

என் தோள் துண்டை உருவி மடித்து அமுக்கினேன். வீட்டுக்காரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, இரண்டு கையாலும் துண்டின்மேல் அழுத்திக்கொண்டு, என் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். டீக்கடையிலிருந்து ஒருவர் காப்பித்தூளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். இன்னொருவர் சுண்ணாம்பும் புகையிலையும் கொண்டுவந்தார்.

"ஒண்ணையும் வைக்கக் கூடாது. கிட்ட வராதீங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆடுகளே கத்துவதை நிறுத்தின.

எட்டயபுரத்துக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் ஆடுதான் குத்தியது. "வே, ரத்தம் தண்ணியா ஓடுதே. ஊரே சொல்லுதே, நீரு திங்கிற அந்த மாத்திரையாலதான். இன்னையோட தூரப் போடும்வே அதை."

"போட்டா அன்னைக்குப் பாத்தீரே, அந்த வாய்க்கோணல் திரும்ப வரும்" என்றேன். "வெளிய ஓடுறதை அமுக்கி நிறுத்தலாம். உள்ள உறையுறதை எவன் போய் அமுக்குவான்? உறையாம இருக்க மாத்திரை, ஓடாம இருக்க இந்தத் துண்டு. ரெண்டும் எங்கிட்ட இருக்கு."

அதற்குள் மகன் போனில் டாக்டரம்மாவைப் பிடித்துவிட்டான். விடாமல் அழுத்த வேண்டும், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது, நிற்க ஆரம்பித்ததும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட வேண்டும், நிற்காவிட்டால் காத்திராமல் உடனே அங்கே கிளம்ப வேண்டும். எல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான். வேப்பமரத்தடியில் ஒரு சாக்கின்மேல் என்னை உட்கார வைத்தார்கள். வீட்டுக்காரி பக்கத்தில் நின்று, பிடித்த பிடியை விடவில்லை. வேப்பமரத்து நிழல் எங்களைத் தாண்டி நகர்ந்துபோயிற்று. துண்டில் பரவிய சிவப்பு ஒரு இடத்தோடு நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

"நின்னுட்டு" என்றாள். அப்போதும் கையை எடுக்கவில்லை.

மகன் லாரியைக் கிட்டக் கொண்டுவர ஓடினான். அந்த நேரத்துக்குள் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது.

"வாரும்வே, விலை பேசுவோம்" என்றேன்.

எட்டயபுரத்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எதுலவே பேசுவீரு? உம்ம துண்டுதான் ரத்தமாக் கிடக்கே."

"உம்ம துண்டு இருக்குல்லா?"

முப்பது வருஷத்தில் அவர் துண்டை எனக்குக் கொடுத்ததில்லை; நான் கேட்டதுமில்லை. தோளிலிருந்து எடுத்தார், உதறினார், என் எதிரே குந்தி உட்கார்ந்து என் வலது கைமேல் போட்டார். உள்ளே அவர் கை வந்தது. ஆட்காட்டி விரலைப் பிடித்தார். தெரிந்தது. அடுத்த விரலையும் சேர்த்து அழுத்தினார். தெரிந்தது. அவர் கட்டைவிரலில் கயிறு அறுத்த காய்ப்பு, நகத்தின் ஓரத்து வெடிப்பு, எல்லாம் தெரிந்தது. உள்ளங்கையில் வேர்வை இருந்தது. பயந்துபோயிருக்கிறார், இறங்குவார் என்று என் விரல் சொல்லிற்று. ஒரு விரலைப் பாதியாக மடக்கினேன். அவர் பல்லைக் கடித்தார். விடாமல் பிடித்திருந்தேன். கடைசியில் தலையை ஆட்டினார்.

"செத்த விரல்னு எவன்வே சொன்னான்?" என்றேன்.

"நான்தான்வே சொன்னேன்" என்று அவர் துண்டை உருவிக்கொண்டு எழுந்தார். "நல்லாத்தான் பொழைச்சுக் கிடக்குது சனியன்."

ஒரு கையில் ரத்தத்தை நிறுத்திக்கொண்டு மறு கையில் கிடாய் பிடித்த ஆள் எட்டயபுரம் சந்தையில் என்னைத் தவிர வேறு யாராவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அதை அங்கேயே, எல்லாரும் கேட்கச் சொல்ல வாயெடுத்தேன்.

"பேசி முடிச்சாச்சுல்லா? பொறவு பெருமை அடிக்கலாம்" என்றாள் என் கையைத் தூக்கிப் பிடித்திருந்தவள். "கையைக் கீழ இறக்காம நடங்க. தையல் போடுற டாக்டர்கிட்ட முதல்ல மாத்திரைப் பேரைச் சொல்லணும்."

இரண்டு மாத்திரைகளின் பெயரையும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லிக்கொண்டே, தூக்கிய கையோடு, சந்தையின் நடுவழியாகவே நடந்துபோய் லாரியில் ஏறினேன்.